ரிவர்ஸ் எடுத்த வைகாசி

ஏப்ரல் 7, திங்கள்

ஐம்பது வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தாயிற்று. மயில் டிரைவிங் ஸ்கூல். போர்டில் ஒரு மயில் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறது. தோகை முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. இப்படி ஓட்டலாமா என்று கேட்டேன். "அது படம் போட்டவன் தப்புங்க்கா, மயிலு மேல தப்பில்லீங்" என்றார் தனபால். முதலாளியும் அவரே, வாத்தியாரும் அவரே, ஸ்கூலின் ஒரே வெள்ளைக் காரைக் கழுவுகிறவரும் அவரே.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சென்னியப்பன் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். சிரித்தார். ரசம் பாதி சோற்றிலும் பாதி மேசையிலும் விழுந்தது. சிரித்ததால்தான்.

"நீயா? வண்டியா? அம்மிணி, நீ தையல் மிசினையே முன்னால ஓட்டறேன்னு பொறத்தால ஓட்டி நூலை அத்தவ."

"அப்ப ரிவர்ஸ் எனக்குச் சுளுவா வருமுங்க" என்றேன்.

"செரி. லைசென்ஸ் வாங்கிட்டு வா. அன்னிக்கே ஆம்னி சாவிய உன்ற கையில குடுத்துப்போட்டுப் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் நாந்தான் ஓட்டுவேன். டிரைவர் வெக்கலாம், உன்ற தம்பியக் கூப்புடலாம், அந்தப் பேச்செல்லாம் எடுக்கக் கூடாது."

"சொன்ன சொல் மாறக் கூடாதுங்."

"நான் எப்ப மாறியிருக்கறேன்?"

எங்களுக்குப் பாத்திர வாடகைக் கடை. அண்டா, குண்டான், வடைச்சட்டி, ஆள் உயரக் கரண்டி எல்லாம் கோபியைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களுக்கு எங்கள் ஆம்னி வேனில் போகும். மண்டபம் கட்டுகிறவர்கள் முகப்பில் யானை, குதிரை எல்லாம் வைப்பார்கள். சமையல்கட்டை மட்டும் பின்னால், ஒரு சந்துக்குள் ஒளித்து வைப்பார்கள். அதில் வண்டி திரும்பாது. ரோட்டிலிருந்தே ரிவர்ஸில் போய் சமையல்கட்டு வாசலில் நிறுத்த வேண்டும். இவர் அதில் மன்னர். 'ரிவர்ஸ்காரர்' என்றால் ஊருக்கே தெரியும். சென்னியப்பன் என்றால் எந்தச் சென்னியப்பன் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும் சாவியைத்தான் நான் வாங்கப் பார்க்கிறேன்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஆசை என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்த டைரிக்கும் அதே பதில்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

முதல் வகுப்பு. கார் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது.

"கிளட்ச்ச ஒரேடியா உடக் கூடாதுங்க்கா. தூங்கற கொழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி மெதுவ்வா உடோணுங்."

"எம்பொண்ணத் தொட்டில்ல போட்டது பூரா எங்க மாமியாருங்க."

"அப்ப அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க, அவங்களே ஓட்டட்டும்."

கொங்கு மரியாதை என்பது இதுதான். 'ங்க' போட்டு மானத்தை வாங்குவார்கள்.

ஏப்ரல் 16, புதன்

முன்னால் ஓட்டுவது வந்துவிட்டது. எருமைகூட முன்னால் போகும். இன்று ரிவர்ஸ் ஆரம்பம்.

டெஸ்டில் இருக்கிற கஷ்டமே இதுதானாம். மைதானத்தில் இரண்டு பக்கமும் கம்பு நட்டு ஒரு வளைவுப் பாதை போட்டிருப்பார்கள். முன்னால் உள்ளே போய், அதே வழியில் பின்னாலேயே வெளியே வர வேண்டும். ஒரு கம்பில் உரசினாலும் வீட்டுக்குப் போகலாம்.

கேட்பதற்கு எளிதுதான். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் காரின் பின்பக்கம் வலப்பக்கம் போகிறது, அதே நேரம் மூக்கு இடப்பக்கம் போகிறது. பின்பக்கத்தைப் பார்த்தால் மூக்கு இடிக்கிறது. மூக்கைப் பார்த்தால் பின்பக்கம் இடிக்கிறது. எனக்கே என் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாது. பஸ்ஸில் நான் திரும்பினால் யாராவது ஒருவர் உட்கார்ந்துவிடுவார். இதில் காரின் பின்பக்கத்துக்கு வேறு கணக்கு வைக்க வேண்டும்.

என்னோடு கற்றுக்கொள்ளும் மித்ரா என்கிற காலேஜ் பெண், சூயிங்கம் மென்றுகொண்டே ஒரே தடவையில் வெளியே வந்தாள். "ஈசி ஆன்ட்டி, கண்ணாடியப் பாத்தாப் போதும்." அவள் கண்ணாடியில் லிப்ஸ்டிக்கையும் சரிபார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரு வேலைக்கே கண்ணாடி போதவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டது: "ஏன் பூங்கோத, கார் ஓட்டிப் பழகறயாமா. ஆரு கூட ஓடிப்போறக்கு?"

ஏப்ரல் 25, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், தனியாகப் போகப் பயம் என்று சொல்லி இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயந்தவள் கார் ஓட்டப் போகிறாளாம் என்று வழியெல்லாம் கிண்டல்.

டாக்டர் சின்னப் பெண். நான் முன்பே போனில் பேசி வைத்திருந்ததால், "கூட வந்த சாருக்கும் சும்மா பாத்துடலாமே" என்று அழகாக நடித்தாள். இவரை ஓர் அறைக்குள் கூட்டிப் போய், ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகம் கேட்கவில்லை. சுவர் கெட்டி போலிருக்கிறது.

முடிவு: எனக்குப் புதுக் கண்ணாடி. இவருக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்குள் ஏதோ பிரஷராம், காலையும் மாலையும் சொட்டு மருந்து மட்டும். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். எப்பவுமே என்றாள் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது இவர் செருப்பு போடப் போய்விட்டார். ஒரு கால் செருப்பு இவருடையது, இன்னொரு கால் செருப்பு யாருடையதோ என்று வாசலில்தான் கவனித்தேன்.

"டாக்டரம்மா சின்னப் புள்ள. படிச்சதையெல்லாம் சொல்லிப் பாக்குது" என்றார் வரும் வழியில். ஓட்டிக்கொண்டேதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அதா பாருங், என்ற பக்கம் ஒரு சைக்கிளு, எத்தன லச்சணமா இருக்குது", "அந்த எருமையப் பாருங், என்னமா கறுப்பு" என்று வேடிக்கை சொல்லிக்கொண்டே வந்தேன். நான் வாயாடி என்பது தெரிந்த விஷயம்தானே.

மே 3, சனி

டெஸ்டுக்கு நாள் வாங்கியாயிற்று. ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. தனபால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆகவே உலகப் புகழ்பெற்ற ரிவர்ஸ்காரரிடமே கேட்டேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கடைக்குப் பின்னாலிருக்கும் காலி இடத்தில் ஆம்னியை விட்டு, சாவியைக் கையில் தராமல் தானே எட்டிப் போட்டுத் திருகிவிட்டு, பின்னால் போய் நின்றார்.

"வரட்டும். வரட்டும். லெஃப்ட்ல ஒடி. நேரு பண்ணு. வரட்டும், வரட்டும்."

ஊரில் எந்த வண்டி பின்னால் வந்தாலும், யாராவது ஒருவர் டீ டம்ளரை வைத்துவிட்டு வந்து நின்று இதைச் சொல்வார். ஓட்டுகிறவர் கேட்டுக்கொள்வார். அதுதான் வழக்கம், நானும் கேட்டுக்கொண்டேன். என்ன சுகம். கழுத்தைத் திருப்ப வேண்டாம், கண்ணாடி வேண்டாம், யோசிக்க வேண்டாம். அப்படியே சொர்க்கத்துக்குள் போவது போலப் போனேன்.

ராஜாமணி அக்காவின் சிமெண்டுத் தொட்டி உடைந்தது. தண்ணீர் ஆறாக ஓடியது. அதற்குப் பிறகும் ஒரு 'வரட்டும்' வந்தது.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டது. "கண்ணு அவிஞ்சா போச்சு? இத்தாச்சோட்டுப் பெரிய தொட்டி தெரியலையா?"

இவர் தொட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாந்தானுங்க்கா" என்றேன். "அவரு அப்பவே நிறுத்துன்னாரு. பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சுப்போட்டேன்."

"பொம்பளைக்கெதுக்கு இந்த வேல" என்று அக்கா போனது. இவரும் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். திறந்திருந்த பீரோக் கதவில் தோளை இடித்துக்கொண்டார். பீரோவைத் திறந்து போடுவது என் கெட்ட பழக்கம்.

மே 14, புதன்

டெஸ்ட். நாளை வைகாசி வேறு பிறக்கிறது, முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அவர் பதவியின் பெயர். பிரேக் இன்ஸ்பெக்டர் என்பது எல்லோரும் கூப்பிடுகிற பெயர். ஒல்லியான மனிதர். பேச்சும் ஒல்லி. மித்ரா போனாள், வந்தாள், பாஸ். அடுத்து நான். முன்னால் உள்ளே போனது பிரமாதம். தனபால் தூரத்தில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். கம்பும் தெரிந்தது, இடமும் தெரிந்தது. பாதி தூரம் சரியாகவே வந்தேன். அப்போது சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், ரோட்டில் ஒரு செங்கல் லாரி எங்கேயோ ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. கிளீனருக்கு வெண்கலக் குரல்.

"வரட்டும் வரட்டும். லெஃப்ட்ல ஒடி. முழுசா ஒடி."

முழுசாக ஒடித்தேன்.

கம்பு சாய்ந்தது. அதன் பக்கத்துக் கம்பும் துணைக்குச் சாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "நல்லாத்தான வந்தீங்க. ஏம்மா ஒடிச்சீங்க?"

"சொன்னாங்களே சார்."

"யாரு?"

சுவரைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"அந்த லாரி டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கும்மா. உங்களுக்குத்தான் இன்னும் இல்ல. பொறவு வாங்க."

வீட்டுக்கு வந்தால் மேசையில் மைசூர்பாகு. நான் தோற்ற செய்தி எனக்கு முன்னால் வந்திருக்கிறது.

"எதுக்குங்க ஸ்வீட்டு?"

"நீ மனசு வெசனப்படக் கூடாதல்ல."

நான் ஒரு துண்டு தின்றேன். வெசனம் இவருக்குத்தான் அதிகம் போலிருக்கிறது, மிச்சத்தையெல்லாம் தின்றார்.

கோபம் கோபமாக வருகிறது. இவர் மேல் இல்லை, லாரி மேலும் இல்லை. என் கை மேல். ஓர் ஆண் குரல் 'ஒடி' என்றால், யார், எவர், எனக்கா என்று கேட்காமல் ஒடிக்கிற கையை வைத்துக்கொண்டு நான் எப்போது அந்தச் சாவியை வாங்குவது.

மே 16, வெள்ளி

மயில் ஸ்கூல். ரிவர்ஸ். கம்பு. ரிவர்ஸ். கம்பு. "அக்கா, கம்புக்கும் வலிக்குமுங்க" என்றார் தனபால்.

மே 23, வெள்ளி

எச்சில் இலை வழுக்கும். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் விழுந்துவிட்டேன். அதை எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் மண்டபத்துக்குச் சாமான் இறக்கப் போனோம். பொழுது சாய்ந்து, விளக்கு போடாத நேரம். வழக்கம் போல நான் முதலில் இறங்கிப் பின்னால் போய் சமையல்கட்டுச் சுவரோரம் நின்றேன். மத்தியானப் பந்தியின் இலைகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. இவர் ரிவர்ஸில் வந்தார். முன்புறம் ஸ்பீக்கர் செட்டுக்காரன் மைக்கை டெஸ்ட் செய்துகொண்டிருந்தான். நான் நிறுத்தச் சொல்லி "ஓல்டான்" என்றேன். வண்டியைத் தட்டினேன். இவர் பக்கத்துக் கண்ணாடியில் நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கண்ணாடிக்குள் இவர் முகம் எனக்குத் தெரிந்தது. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துகொண்டும் இருந்தார்.

அப்போதுதான் வழுக்கியது. அப்படியே பக்கவாட்டில், இலைக் குவியலுக்குள்.

பம்பர் சுவரில் உரசி நின்றது. நான் நின்ற இடத்தில் இப்போது சுவரில் ஒரு கோடு இருக்கிறது, என் இடுப்பு உயரத்துக்கு.

சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்னுங்க்கா, பந்திக்கு முன்னாலயே எலைல உக்காந்துட்டீங்க."

"பாயசம் எங்க வெச்சிருக்கீங்கன்னு தேடறேனுங்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தலையிலிருந்த அவியலை எடுத்துப் போட்டுவிட்டு, இவர் கதவைத் திறந்து இறங்குவதற்குள் எழுந்து, வண்டியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

எழுத்து இன்று கோணல் மாணலாகப் போகிறது. இலவச டைரி, தாள் மோசம்.

மே 24, சனி

காபி குடிக்கும்போது கேட்டார்.

"நேத்து நீ பொறத்தால நின்னயா?"

"இல்லீங். அந்தப் பக்கம், ஓரமா."

"உன்ற சீலைல ரச வாசம் அடிச்சுது."

"சமையக்கட்டுல நின்னா ரச வாசம் அடிக்காம மல்லிப்பூ வாசமா அடிக்கும்?"

காபி ஆடை கட்டும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் எங்கேயோ நடந்தே போய்விட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மே 26, திங்கள்

காலையிலிருந்து போனில் ஒரே பதில்.

"வண்டி ரிப்பேருங்க. ஆமாங், கியர் பாக்ஸு. முகூர்த்தத்துக்கு ஆவாதுங். நீங்க வேற கடையில சொல்லிக்கங்க."

வண்டி கொட்டகையில் நிற்கிறது. நான் போய் முன்னும் பின்னும் பார்த்தேன். கியர் பாக்ஸுக்குப் பாவம் ஒரு குறையும் இல்லை. வருஷம் முழுக்கச் சாப்பிடுவது வைகாசி முகூர்த்தத்தை நம்பித்தான். எங்கள் அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன, ஊரெல்லாம் மேளச் சத்தம்.

"ரிப்பேர் எப்பச் செரியாவுமுங்க?"

"ஆடி போவுட்டும் பாக்கலாம். அந்தச் சொட்டு மருந்து புடிச்சுதுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"மருந்து கியர் பாக்ஸுக்குங்களா?"

"ஆமா. கியர் பாக்ஸுக்குத்தான்."

சாவி மட்டும் இடுப்பில்தான் இருக்கிறது. ஆடி முடிந்து ஆவணியில் மறுபடி ஓட்டத்தான் போகிறார். மருந்து பிடிக்கிற மருந்து இல்லை என்று அந்தச் சின்னப் பெண் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம். ஆவணிக்குள் நான் லைசென்ஸ் வாங்க வேண்டும். எழுதியாயிற்று, இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

மே 28, புதன்

காலையில் கடைக்குப் பின்னால் போனால் ஒரே காட்சி. காலி இடத்தில் குண்டான்களை இரண்டு வரிசையாக வைத்து, மண்ணை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உயரக் கரண்டியை நட்டு வைத்திருக்கிறார். வளைவுப் பாதை. சாம்பார் கரண்டி, சாதத் துடுப்பு, ஜல்லிக் கரண்டி எல்லாம் விறைப்பாக நிற்கின்றன.

"உக்காரு. ரிவர்ஸ் எடு" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்து தந்துவிட்டுப் பின்னால் போனார். "நான் சொல்லிட்டே இருப்பேன். நான் என்ன சொன்னாலும் நீ கேக்கக் கூடாது. கண்ணாடியப் பாரு. உன்ற கண்ணுல தெரியறத மட்டும் நம்பு."

"அப்பறம் எதுக்குங்க சொல்றீங்க?"

"கேக்காம இருந்து பழகோணுமல்ல."

சொல்ல ஆரம்பித்தார். கரண்டி இரண்டு விரல் தூரத்தில் இருக்கும்போது "வரட்டும்" என்றார். பாதை திறந்து கிடக்கும்போது "ஓல்டான், ஓல்டான்" என்று அலறினார். வலப்பக்கம் ஒடிக்க வேண்டிய இடத்தில் "லெஃப்ட்டு". நான் கேட்டேன். சாம்பார் கரண்டி விழுந்தது.

"ஏன் கேட்ட?"

"நீங்க சொன்னீங்க."

"சொன்னாக் கேட்டுருவியா? சோத்துக்கு உப்புப் பத்தலைன்னு சொன்னா என்னிக்காச்சும் கேட்டிருக்கயா?"

மறுபடி. துடுப்பு விழுந்தது. மறுபடி. குண்டானே கவிழ்ந்தது. ராஜாமணி அக்கா மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "சண்டையா, சமையலா?" என்று கேட்டது. வெயிலில் என் புதுக் கண்ணாடிக்குள் வேர்வை வழிந்தது. அழுகை வந்தது, வண்டிக்குள் யாருக்குத் தெரியும். இவரைத் திட்டினேன், ஆம்னியைத் திட்டினேன், ரிவர்ஸ் கியரைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தைத் திட்டினேன். இவர் பாட்டுக்கு "வரட்டும் வரட்டும்" என்று மழைப்பாட்டு மாதிரி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 30, வெள்ளி

இன்றும் அதே. இவர் சொல்வது இப்போது ராஜாமணி அக்கா வீட்டு டிவி சத்தம் மாதிரி காதில் விழுந்து, கைக்கு வராமல் போகிறது.

ஒரு விஷயம். இவர் சொல்வதில் எது வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது, எது தெரியாமல் சொல்வது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு தடவை நான் கிளட்சையே விடவில்லை. எஞ்சினை மட்டும் உறுமவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். "வரட்டும், வரட்டும், நல்லா வருது அம்மிணி" என்றார்.

மெதுவாக எடுத்து, கரண்டிகளுக்கு நடுவில் வெளியே வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

குழம்புக் கரண்டி மட்டும் விழுந்தது. அது முன்னாலேயே கோணல்.

ஜூன் 4, புதன்

இரண்டாவது டெஸ்ட். தனபால் ஸ்கூல் காரை ஓட்டி வந்தார், இவர் முன்சீட்டில், நான் பின்னால் சாமி கும்பிட்டுக்கொண்டு. மைதானத்தில் கம்பி வேலிக்கு வெளியே எல்லோர் வீட்டுக்காரர்களும் நின்றார்கள். இவரும் அங்கே நின்றுகொண்டார். "போ. ஆரு பேச்சையும் கேக்காத" என்றார்.

அதே ஒல்லி இன்ஸ்பெக்டர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, ஒரு தடவை சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே போனேன். ரிவர்ஸ் போட்டேன். வேலியில் நின்ற புண்ணியவான் ஒருவர், "ஒடிங்க்கா, ஒடிங்க்கா, நல்லா ஒடிங்க" என்று உதவி செய்தார். பக்கத்தில் நின்ற இன்னொருவருக்கு அந்த யோசனை பிடிக்காமல், "நேரா வாங்க" என்றார். இடது கண்ணாடியில் கம்பு, வலது கண்ணாடியில் கம்பு, நடுவில் நான். வளைவில் பின்பக்கம் திரும்பியது, மூக்கு எதிர்ப்பக்கம் போனது, இரண்டும் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து நிறுத்தியபோதுதான் மூச்சு விடவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

"இன்னைக்கு யாரும் சொல்லலீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நெறையப் பேரு சொன்னாங்க சார்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பாஸ் என்று எழுதினார். காரைத் தனபாலிடம் விட்டுவிட்டு வேலியைப் பார்த்து நடந்தேன். பின்னால் அதற்குள் வேறொரு ஸ்கூலின் வெள்ளைக் கார் பாதைக்குள் போய், படபடவென்று கம்புகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. யாரோ பாவம்.

இவர் கையில் ஒரு பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு எதிரே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சோடாவை என் கையில் திணித்தார்.

"பாத்தேன் அம்மிணி. பாத்துட்டேன். உடு."

"என்னத்தங்க?"

"நல்லாத்தான் போன. வளவுல கொஞ்ச நேரம் காணாமப் போயிட்ட. அப்பறம் மறுபடி புடிச்சுட்டேன், வெள்ளக் காரு. கம்பெல்லாம் உழுந்ததையும் பாத்தேன்."

திரும்பிப் பார்த்தேன். அந்த இன்னொரு வெள்ளைக் கார் கம்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இவர் பேச ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் கிண்டலையும் 'சோறு போடு'வையும் தாண்டி நீளமாகப் பேசாத மனுஷன்.

"போவுட்டும். லைசென்ஸ் இன்னிக்கு இல்லைன்னா இன்னொரு நாளைக்கு. அதுக்காவ நீ அழுவக் கூடாது. நாந்தான் சொன்னேன், லைசென்ஸ் வாங்குனாத்தான் சாவின்னு. ஏன் சொன்னேன்னா, நீ வாங்க மாட்டேன்னு நெனச்சுச் சொன்னேன்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஓரம் தெரியறதில்ல அம்மிணி. கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா. கொழாய்க்குள்ள பாக்கற மாதிரி இருக்குது. அன்னிக்கு மண்டபத்துல நீ பொறத்தாலதான் நின்ன. மறு நாளு மத்தியானம் போய் அந்தச் செவுத்தப் பாத்தேன். கோட்டக் கையில தடவிப் பாத்தேன். உன்ற இடுப்பு அளவுக்கு இருக்குது."

நான் சோடாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆவணியாவது மண்ணாவது. நான் இனி எடுக்க மாட்டேன். நீ பாஸாகு, ஆகாமப் போ. இந்தா." இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை நீட்டினார். என் கைக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினார். நான் கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் தனபால் ஓடி வந்தார். "அக்கா, பாஸுன்னு எழுதிட்டாருங்க. ஒரு கம்பு ஆடலீங். எங்க ஸ்கூல்ல இப்படி ஒரு ரிவர்ஸ் நான் பாத்ததில்லீங்."

இவர் தனபாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸா?"

"ஆமாங்."

"அப்ப அந்தக் காருல?"

"அது வேற ஆரோங்."

"வெள்ளக் காரா?"

"அதுவும் வெள்ளக் காருங்."

வெகுநேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் வேறு மாதிரி வந்தது. என் கையிலிருந்த சோடாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"பாஸாயிட்டயல்ல. உனக்கெதுக்கு இது? இது தோத்தவங்களுக்கு வாங்குனது."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களே. சாவியுமா கேப்பீங்க?"

"சாவி உன்னுது. சோடா என்னுது. அந்த மனுஷன் அங்க தனியா நிக்கறான், நாலு வார்த்த நாயம் பேசறக்கு ஆளில்லாம. குடுத்துட்டு வரேன்."

அந்த மனுஷன் தன் வெள்ளைக் காரின் பானெட்டில் சாய்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இவர் சோடாவும் கையுமாக விறுவிறுவென்று நடந்தார், வேலி வாசலைத் தாண்டி, நேராகச் சுற்றுச்சுவரை நோக்கி. நான் ஓடிப் போய் முழங்கையைப் பிடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்கிற இடத்தில் நாங்கள் தொட்டு நடந்ததில்லை. உதறிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இந்தப் பக்கமுங்" என்றேன்.

"தெரியும்" என்றார், திரும்பிக்கொண்டே.